நாலாவது ரப்பர் பேண்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

ஹெப்சிபா மேடம் உத்தரவு: ரிலே அணியில் இருக்கும் நால்வரும் இன்று முதல் நாட்குறிப்பு எழுத வேண்டும். என்ன ஓடினோம், என்ன தின்றோம், எங்கே வலிக்கிறது, எல்லாம். சனிக்கிழமைதோறும் மேடம் படித்துப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். ஆகவே இதில் நான் உண்மையைத் தவிர வேறெதையும் எழுதப்போவதில்லை.

பெயர் உலகம்மை. பி.காம். இரண்டாம் ஆண்டு. விடுதி அறை எண் 14. எடையும் எழுதச் சொன்னார். விடுதி எடை மெஷின் பழுது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இந்த வருடம் பெண்களுக்குப் புதிதாக ஒரு நெடுந்தூர ரிலே வைத்திருக்கிறார்களாம். நாலு பேர் ஓட வேண்டும், ஆனால் நாலு பேருக்கும் ஒரே தூரம் கிடையாது. முதலில் 1200 மீட்டர், அடுத்து 400, அடுத்து 800, கடைசியில் 1600. மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கும் முத்துப்பேச்சிக்கு 1200. மேலப்பாளையத்து ரஹ்மத்துக்கு 800. கடற்கரை ஊரிலிருந்து வந்த டெல்பினுக்கு 1600. மணலில் ஓடி வளர்ந்தவள் என்பதால் அவளுக்குத் தரையில் ஓடுவது வேலையாகவே தெரிவதில்லை. மிச்சமிருந்த 400 எனக்கு.

"மூணு பேரு சாப்பாடு, நீ ஊறுகாய்ட்டி" என்றாள் ரஹ்மத்.

ஊறுகாய் இல்லாமல் ஒரு பந்தி நடக்குமா என்று கேட்டேன். டெல்பின் கொஞ்சம் யோசித்து, நடக்கும் என்றாள்.

பேச்சி கையிலிருந்து ரிலே கட்டையை வாங்கப்போவது நான்தான் என்பதை மேடம் படித்தபோது எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பேச்சி தரையைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்த்தேன். எங்கள் மைதானத்தில் நெருஞ்சி முள் அதிகம்.

இரவு உணவு: சப்பாத்தி இரண்டு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எங்கள் மைதானம் ஒரு காலத்தில் 400 மீட்டர் இருந்ததாம். புது ஆடிட்டோரியம் ஒரு மூலையைத் தின்றுவிட்டதில் மிச்சம் 300. இதனால் கணக்கே குழப்பம். நான் ஒரு சுற்று சுற்றி, அதன்பிறகு சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் ஓட வேண்டும். ரஹ்மத் இரண்டு சுற்று முடித்து கேன்டீன் வாசல் வரைக்கும். டெல்பினுக்கு ஐந்து சுற்றும் ஒரு சைக்கிள் ஸ்டாண்டும். முழுசாக ஒரு எண் அமைந்தது பேச்சிக்கு மட்டும்தான். நாலு சுற்று.

அந்த நாலையும் அவள் மனதில் எண்ணுவதில்லை. பார்சல் சாம்பாரைக் கட்டிவரும் ரப்பர் பேண்டில் நாலை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வாள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒன்றைப் பல்லால் உருவித் துப்புவாள். கை காலியானால் வேலை முடிந்தது. ஓட ஆரம்பித்துவிட்டால் அவளுக்குக் காது கேட்காது, கண்ணும் பத்தடிக்கு மேல் தெரியாது. செக்குமாடு தோற்றுவிடும்.

இரவு உணவு: சப்பாத்தி இரண்டு.

ஆகஸ்ட் 7, வியாழன்

கெண்டைக்கால் என்று ஒன்று எனக்கு இருப்பது இன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 9, சனி

மேடம் படித்துவிட்டார். பச்சை மையில் எழுதியிருப்பது: "செவ்வாய் இரவு ஏழரை மணிக்கு நான் பஸ் ஸ்டாப் பரோட்டாக் கடையைத் தாண்டிப் போனேன்."

திருத்தம். செவ்வாய் இரவு உணவு: பரோட்டா மூன்று, சால்னா இரண்டு கிண்ணம். சப்பாத்தி, பரோட்டா இரண்டுமே வட்டமாக இருப்பதால் நினைவு தடுமாறிவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

கல்லூரியின் ஒரே ரிலே கட்டை விளையாட்டு அறையில் இருக்கிறது. விளையாட்டு அறைச் சாவி அலுவலக முருகன் அண்ணனிடம் இருக்கிறது. முருகன் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று லீவில் இருக்கிறார். ஆகவே மெஸ் சந்தனமாரி அக்காவிடம் கெஞ்சிப் பூரிக்கட்டையை வாங்கி விடுதி வராந்தாவில் பழகினோம். பேச்சி ஓடிவந்து நீட்டுவாள், நான் திரும்பிப் பார்த்து வாங்கிக்கொண்டு ஓடுவேன். இருபது மீட்டர்க் கட்டத்துக்குள் கை மாற வேண்டும் என்பது விதி. வராந்தாவில் அது வாளி வரிசையில் ஆரம்பித்துக் குளியலறைக் கதவில் முடியும். ஒரு முறை கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்தவள் தமிழ்த்துறை. செந்தமிழில் திட்டினாள்.

மதியம் பூரி போடக் கட்டை இல்லாமல் அக்கா கொதித்துவிட்டார். பேச்சி பயந்துகொண்டே போய்த் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏட்டி, கையில தராத. மேசையில வச்சிட்டுப் போ. நீ கீழ போட்டு ரெண்டா ஒடிச்சிரப்போற."

எல்லாரும் சிரித்தார்கள். போன வருட ரிலேக்குப் பிறகு அக்கா பேச்சிக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுப்பதில்லை. மேசையில் வைத்துவிட்டு, "எடுத்துக்க தாயி" என்பார். விடுதியில் அவள் பெயரே 'விலாங்கு பேச்சி' ஆகிவிட்டது. பேச்சியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

பூரி நன்றாக இருந்தது. நான் நாலு தின்றேன். வழக்கமாக ஏழு தின்பவள். ஏன் குறைந்தது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

(மேடம், இந்தப் பக்கத்தை சேஃப்டி பின் போட்டு மூடியிருக்கிறேன். சொந்த விஷயம்.)

போன வருட ரிலே பற்றி ஒரு முறை முழுசாக எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று ரஹ்மத்தின் மனோதத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. எழுதுகிறேன்.

போன வருடம் நாலு பேருக்கும் நானூறு. பேச்சி மூன்றாவது, நான் கடைசி. பேச்சி இரண்டாவது இடத்தில் வந்துகொண்டிருந்தாள். நான் புது ரிப்பன் கட்டி நின்றேன். கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரர் கேமராவோடு உட்கார்ந்திருந்தார். பேச்சி கட்டையை நீட்டினாள். "ஏ பிள்ள, இங்க பாரு" என்று அவர் சொன்னார். அதன்பிறகு கட்டை கீழே கிடந்தது.

நடுவில் என்ன நடந்தது என்பது அவ்வளவு தெளிவாக நினைவில்லை. பேச்சிக்குக் கை வியர்க்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் மண்டையும் மண்டையும் முட்டிக்கொண்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கடைசி இடம்.

திரும்பும்போது பேச்சி அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "மன்னிச்சிருட்டி, நாந்தான் சரியாத் தரல போலுக்கு" என்றாள்.

நான் மன்னித்தேன்.

பேப்பரில் அந்தப் படம் வரவில்லை. வந்திருந்தால்... இன்று மெஸ்ஸில் முட்டைக்கோஸ். நாளையும் முட்டைக்கோஸ்தானாம்.

ஆகஸ்ட் 20, புதன்

தூக்கம் வரவில்லை. மனோதத்துவத்தை நம்பக்கூடாது.

ஆகஸ்ட் 23, சனி

மேடம் பின்னைக் கழற்றவில்லை. பின்னுக்கு மேலேயே பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

துணி துவைக்கப் போனேன். தொட்டி ஓரம் பேச்சி தனியாக நின்று, பூரிக்கட்டையில் சோப்பைத் தடவி, அதை வலது கையிலிருந்து இடது கைக்கும் இடது கையிலிருந்து வலது கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன கூத்துட்டி?"

"சோப்பு போட்டே நழுவலன்னா, சும்மா நழுவாதுல்லா?"

ஒரு வருடமாகத் தினமும் இதைச் செய்கிறாளாம். இருநூறு முறை. பூரியில் எப்போதும் ஒரு எலுமிச்சை வாசனை வருவது எதனால் என்றும் இப்போது புரிந்தது.

அவளுக்கு இது கடைசி வருடம். படித்து முடித்து உடற்கல்வி ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் படிப்பில் சேர, பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த ஒரு சான்றிதழ் வேண்டுமாம். ஒன்றே ஒன்று. போன வருடம் கிடைத்திருக்க வேண்டியது. "அதெ நானே கீழ போட்டுட்டம்லா" என்று சொல்லிவிட்டுச் சோப்பைக் கழுவினாள். இந்த வருடமும் இல்லையென்றால் அவளுடைய மாமா ஜவுளிக்கடையில் ஒரு வேலை சொல்லி வைத்திருக்கிறார். அங்கே நாள் முழுவதும் நிற்க வேண்டும். ஓடுகிறவளை நிற்கச் சொன்னால் எப்படி?

நான் துணியைத் துவைக்காமலே திரும்பிவிட்டேன். நாளை கல்லூரிக்கு ரஹ்மத்தின் சுடிதார்.

செப்டம்பர் 3, புதன்

பந்தயம் 400 மீட்டர் மைதானத்தில் என்பதால் சுற்றுக் கணக்கு மாறுகிறது. பேச்சிக்கு மூன்று, எனக்கு ஒன்று, ரஹ்மத்துக்கு இரண்டு, டெல்பினுக்கு நாலு. மேடம் எங்களை வரிசையாக நிறுத்தி வாய்ப்பாடு போலச் சொல்ல வைத்தார். "மூணு, ஒண்ணு, ரெண்டு, நாலு." பல் தேய்க்கும்போதும் சொல்கிறோம். சந்தனமாரி அக்கா சாம்பார் ஊற்றும்போது டெல்பின் வாய் தவறி "மூணு, ஒண்ணு" என்றாள். மூன்று கரண்டி ஊற்றிவிட்டு இன்னொன்றும் ஊற்றினார்.

பேச்சிதான் எல்லாரையும்விடச் சரியாகச் சொல்கிறாள். வாயால்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று பேச்சியிடம் ஒரு விஷயம் சொல்லலாம் என்று போனேன். என்ன விஷயம் என்பது இங்கே தேவையில்லை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று கால் கிலோ கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டேன்.

"பேச்சி, போன வருசம் இருக்குல்லா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் உடனே கண் கலங்கிவிட்டாள். "நானே சொல்லணும்னு இருந்தேன் உலகு. விடுதியில ஒருத்தரு பாக்கியில்ல, எல்லாரும் என்னையக் கேலி பண்ணிட்டாவ. நீ ஒருத்திதாம்ட்டி இன்னைக்கு வரைக்கும் ஒரு சொல்லு சொல்லல. எம்மேல கோவமா இருக்கியோன்னு நெனச்சேன். கடலைமுட்டாயில்லா வாங்கியாந்திருக்க!"

நான் சொல்ல வந்தது தொண்டையில் நின்றது. மிட்டாயும் கூடவே நின்றது. அவள்தான் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"மிட்டாய் நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

நாளை பந்தயம். முருகன் அண்ணன் லீவு முடிந்து வந்துவிட்டார். சாவியைத்தான் காதுகுத்து வீட்டில் மறந்து வைத்துவிட்டாராம்.

செப்டம்பர் 11, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காலை ஆறு மணிக்குக் கல்லூரி பஸ்ஸில் கிளம்பினோம். சந்தனமாரி அக்கா எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்திருந்தார். எனக்குப் பக்கத்து இருக்கையில் பேச்சி. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். மூன்று ரப்பர் பேண்டு இருந்தது.

"ஏட்டி, ஒண்ணு எங்க? விழுந்துட்டா?"

அவளும் குனிந்து பார்த்தாள். "மூணுதான் இருக்கு... எப்பவும் நாலுதான?"

"நாலுதாம்ட்டி!" என்று சொல்லி, என் சாதப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டைக் கழற்றி நானே அவள் கையில் மாட்டிவிட்டேன். அவளுக்கு ஏதாவது ஒரு நல்லது செய்ய வேண்டும் என்று இரண்டு நாளாகவே எனக்குத் தவிப்பு. செய்துவிட்ட திருப்தியில் அவள் சாதத்திலும் பாதியைத் தின்றேன். முன் சீட்டில் ரஹ்மத், "மூணு, ஒண்ணு, ரெண்டு, நாலு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது. விழுந்து என்ன பிரயோசனம்?

பதினொரு மணிக்குப் பந்தயம். ஒன்பது கல்லூரி. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், அங்கே கொடுத்த கட்டையோடு பேச்சி பாய்ந்தாள். முதல் சுற்று முடிவில் மூன்றாவதாக வந்தாள், ஒன்றைத் துப்பினாள். இரண்டாவது சுற்று முடிவில் முதலாவதாக வந்தாள்! மேடம் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னைத் தாண்டும்போது இன்னொன்றைத் துப்பினாள். அது என் கால் அருகே வந்து விழுந்தது. மஞ்சள் நிறம். நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தேன்.

இன்னும் இரண்டு இருந்தது.

இரண்டு எப்படி இருக்கும்? ஒன்றுதானே இருக்க வேண்டும்? நின்ற இடத்தில் விரலை விட்டு எண்ணினேன். எலுமிச்சைச் சாதப் பொட்டலம் நினைவுக்கு வந்தது.

ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட எண்பது விநாடி. அந்த எண்பது விநாடியில் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. "பேச்சி, இதான் கடைசி!" என்று கத்தினேன். கேட்கவில்லை. அடுத்தவளைப் பார்த்தாவது தெரிந்துகொள்வாள் என்றால், முன்னால் ஒருத்தியும் இல்லை. முதலாவதாக ஓடுவதில் இப்படி ஒரு ஆபத்து இருப்பது எனக்கு இதுவரை தெரியாது, ஏனென்றால் நான் அப்படி ஓடியதே இல்லை. நடுவர் என்னைக் கட்டத்துக்குள் நிறுத்தினார்.

கடைசி வளைவில் அவள் வந்தாள். பின்னால் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர். நான் கையை நீட்டினேன். அவள் நிதானமாக ஒரு ரப்பர் பேண்டைப் பல்லால் உருவித் துப்பிவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்கு உலகு!" என்று சொல்லி என்னைத் தாண்டி ஓடினாள்.

விரட்டினேன். கூடவே ஓடிக் கட்டையின் மறுமுனையைப் பிடித்தேன். அவள் விடவில்லை. வருடம் முழுக்கச் சோப்புப் போட்டுப் பழகிய பிடி. விடுமா?

"விடுட்டி! முடிஞ்சிட்டு!"

"ஒண்ணு இருக்குன்னு சொல்லுதேன்லா! கைய எடு, கீழ விழுந்துரும்!"

"மூணுதாம்ட்டி! நாலாவது நான் மாட்டிவிட்டது!"

"மாட்டேன்! இந்த வருசம் நான் கீழ போடமாட்டேன்!"

இழுக்கிறேன், அவளும் இழுக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி ஒழுங்காகக் கட்டையை வாங்கிக்கொண்டு போனாள். இன்னொருத்தியும் போனாள், அவளுக்குப் பின்னால் மூன்றாவது ஒருத்தியும் போனாள். கட்டத்தின் கடைசிக் கோடு பத்தடியில் தெரிந்தது. அதைத் தாண்டினால் எங்களை வெளியேற்றிவிடுவார்கள், சான்றிதழ் போச்சு, ஜவுளிக்கடைதான். என் வாயிலிருந்து வந்தது நான் யோசித்து வந்ததில்லை.

"போன வருசம் கீழ போட்டது நாந்தாம்ட்டி! நீ நல்லாத்தான் தந்த! கேமராவப் பாத்துச் சிரிச்சேன், என் கையில இருந்துதான் விழுந்துச்சு!"

பேச்சியின் வாய் திறந்தது. விரல்களும் திறந்தன.

நான் ஓடினேன். கோட்டுக்கு இரண்டடி முன்னால் கட்டை என் கைக்கு வந்திருந்தது. நடுவர் ஒரு கையில் சிவப்புக் கொடியும் ஒரு கையில் வெள்ளைக் கொடியுமாக எதைத் தூக்குவது என்று தெரியாமல் நின்றதையும், கடைசியில் வெள்ளையைத் தூக்கியதையும் மேடம் பிறகு சொல்லித்தான் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போனவளைப் பிடிப்பதைவிட, பின்னால் நின்றவளிடமிருந்து தப்புவதுதான் அப்போது பெரிதாக இருந்தது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை. இரண்டு கைகளாலும் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினேனாம். பார்த்தவர்களுக்கு ஒரே சிரிப்பாம்.

ரஹ்மத்திடம் நாலாவதாகக் கொடுத்தேன். அவள் நாலாவதாகவே வைத்திருந்தாள். டெல்பின் மூன்று சுற்று வரை ஏதோ கடற்கரையில் காற்று வாங்கப் போகிறவள் மாதிரி ஓடிவிட்டுக் கடைசி நூறு மீட்டரில் ஒரு நெஞ்சு முந்தினாள். மூன்றாவது இடம்! மேடம் கைக்குட்டையில் பாதிதான் மிச்சம்.

பேச்சி சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினாள். என் பக்கம் திரும்பவில்லை.

பஸ்ஸில் அதே இருக்கை. கயத்தாறு தாண்டும் வரைக்கும் பேச்சி சான்றிதழைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வந்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நானூறு மீட்டரை நூறு தடவை ஓடிவிடலாம்.

"ஒரு வருசம்ட்டி" என்றாள் கடைசியில். "என் கையில ஏதோ கோளாறுன்னு நெனச்சு, அம்மாகிட்ட சொல்லி ஆசுபத்திரிக்கெல்லாம் போயி நரம்பு டாக்டர்ட்ட காட்டுனேன். அவரு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாரு. அவருக்கு ஒண்ணும் தெரியலன்னு அம்மா வேற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிருட்டி" என்றேன்.

அவள் உடனே மன்னிக்கவில்லை. நான் போன வருடம் எவ்வளவு சீக்கிரம் மன்னித்தேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாளையங்கோட்டை வந்து இறங்கும்போது மணிக்கட்டில் மிச்சமிருந்த அந்த நாலாவது ரப்பர் பேண்டைக் கழற்றி, என் புறங்கையில் சுரீரென்று ஒன்று அடித்தாள். பிறகு அதை என் கையிலேயே மாட்டிவிட்டாள். "இது ஒன்னோட சாதப் பொட்டலத்துதுலா" என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆகஸ்ட் 19-ஆம் தேதிப் பக்கத்தின் பின்னைக் கழற்றிவிட்டேன். மேடம், அந்தப் பக்கத்தில் நினைவில்லை என்று எழுதியிருப்பது பொய். எல்லாம் நினைவிருக்கிறது. பூரி நாலு தின்றேன் என்பதும் பொய், ஆறு. சப்பாத்தி என்று எழுதிய இடங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

மதியம் மெஸ்ஸுக்கு எல்லாருக்கும் முன்னால் போனேன். சந்தனமாரி அக்காவிடம் விஷயத்தை நானே சொன்னேன். மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அப்பளம் பொரிகிற சத்தத்தில் அக்காவுக்குக் கேட்காமல் மூன்று முறை கத்த வேண்டியதாயிற்று. மூன்றாவது முறை மெஸ் முழுக்கக் கேட்டது.

அக்கா கரண்டியைப் போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தார். வரிசையில் நின்ற பேச்சியைக் கூப்பிட்டுச் சோறு, சாம்பார், இரண்டு அப்பளம் வைத்து, தட்டை அவள் இரண்டு உள்ளங்கையிலும் பதமாக வைத்தார். "பிடிச்சுக்க தாயி" என்றார். பேச்சி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவள் நகரச் சொல்லும்வரை நகரவில்லை.

அடுத்து நான். கையை நீட்டினேன்.

அக்கா என் தட்டை மேசையில் வைத்தார். "எடுத்துக்க தாயி."

எடுத்துக்கொண்டேன். ஒரு அப்பளம்தான் இருந்தது. பேச்சி உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பருக்கை சிந்தாமல் கீழே வைத்தேன்.